மாற்றி வைத்த போர்டு

பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு நான் மட்டும் கூடத்தில் இருந்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில், ஒரு அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருந்த மாடி. பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ என்னும் சின்ன மின்னணு போர்டைச் சொல்லிக்கொடுப்பதற்காக இருபது ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. அன்று இரண்டாம் நாள். உள்ளங்கை அளவு நீல போர்டு, இரண்டு ஓரங்களிலும் வரிசையாகக் கறுப்புத் துளைகள். அவற்றைத்தான் பின் என்று சொல்ல வேண்டுமாம். பயிற்சியாளர் கார்த்திகேசன் பொறுமையாக விளக்கியிருந்தார். ஒரு பக்கம் பூஜ்யத்திலிருந்து பதின்மூன்று வரை; விளக்கைப் போடு, அணை என்று கட்டளை போகும் பின்கள். எதிர்ப்பக்கம் A0 முதல் A5 வரை. வெளிச்சம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அளந்து வாங்கிக்கொள்பவை. அவற்றை ஒட்டி மின்சாரத்துக்கான பின்கள். 5V என்பது போர்டு வெளியே கொடுப்பது, VIN என்பது வெளியிலிருந்து வாங்குவது. இவை இரண்டையும் மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

நான் மாற்றினேன். பதினாறு வருஷமாக அறிவியல் எடுப்பவள் என்ற எண்ணம் எனக்கு உண்டு. மற்றவர்கள் வருவதற்குள் சின்ன மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று, பன்னிரண்டு வோல்ட் அடாப்டரின் ஒயரை எடுத்து, VIN என்று நினைத்து 5V-யில் செருகினேன். 5V-க்கும் VIN-க்கும் நடுவில் இரண்டே துளைகள்தான். எழுத்தோ எறும்பு அளவு. கண்ணாடி பைக்குள் இருந்தது. லேசாகத் தீய்ந்த வாடை வந்தது, நூல் மாதிரி ஒரு புகை. பிடுங்கிவிட்டுத் திரும்ப யுஎஸ்பியில் கொடுத்துப் பார்த்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை.

பக்கத்து மேஜையில் மாலதி டீச்சருடைய போர்டு இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டபோது அவருடைய போர்டு என் மேஜையிலும் என்னுடையது அவர் மேஜையிலும் இருந்தன.

மாலதி டீச்சர் புவனகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதி நேரத் தையல் ஆசிரியை. வேறு யாரும் போக முன்வராததால் அவரை அனுப்பியிருந்தார்கள். சிதம்பரத்திலிருந்து தினமும் முதல் ஆளாக வந்துவிடுவார். முதல் நாள் முழுக்கப் பயந்துகொண்டே தொட்டவர், இரண்டாம் நாள் காலையில் விளக்கை ஒருமுறை மின்ன வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று மதியம் அவர் ஒயரைச் செருகியபோது ஒன்றும் எரியவில்லை. கார்த்திகேசன் போர்டைத் திருப்பிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், எதில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணுமே குடுக்கல சார். ஒயரத்தான் சொருகுனேன்."

அவர் திட்டவில்லை. பரவாயில்லை, நஸீமா டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அது போதும் என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள். சாயங்காலம் வரை மாலதி டீச்சர் என் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தப்பே இல்லாமல் செய்கிறீர்கள் என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டார். மூன்றாம் நாள் அவர் வரவில்லை. பயிற்சியை முடித்தவர்களின் பள்ளிக்குத்தான் பத்து போர்டுகள் அடங்கிய பெட்டி என்று விதி. புவனகிரிப் பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்குப் பெட்டி வந்தது. நான் பிரிக்கவில்லை. எப்போது டீச்சர் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். செம்மண்டலத்தில் வீட்டில் தொழுதுவிட்டு துஆவுக்குக் கையேந்தினால் வார்த்தை வராது. அடுத்தவருடைய ஹக்கை, அவருக்குச் சேர வேண்டியதைப் பறித்த கடனை, அல்லாஹ்விடம் மட்டும் சொல்லித் தீர்க்க முடியாது, அந்த ஆள் மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவில் ஓதிக்கொடுத்ததுதான் மண்டைக்குள் ஓடும். பதினைந்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரம் பஸ் ஏறினேன்.

மாலதி டீச்சர் வீட்டில் தையல் மெஷின் மேல் பாதி தைத்த ஜாக்கெட் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. தண்ணீர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், எந்தப் பின்னில் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

"நான் எதுவும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். ஆனா அவுங்க எல்லாரும் பாத்த பார்வைல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு டீச்சர். பதினஞ்சு நாளா மிக்சி ப்ளக் சொருவக்கூட பொண்ணத்தான் கூப்புடுறேன்."

என்னை மன்னிச்சிடுங்க என்றேன்.

"அந்த சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

மேஜை மேல் இருந்த என் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அங்கேயே, அவர் முன்னாலேயே, கார்த்திகேசனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு போர்டு போனதெல்லாம் ஒன்றுமில்லை டீச்சர், முதல் நாளே எதிர்பார்த்ததுதான் என்றார். பிறகு, நீங்கள் போய் இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றார். மற்ற பதினெட்டு பேருக்கும் சொல்லிவிடுவதாகவும், ஆனால் கொடுக்கப் பெட்டி மீதமில்லை என்றும் சொன்னார். எங்கள் பள்ளிப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது, அதைப் புவனகிரிக்குக் கொடுங்கள் என்றேன். உங்கள் பிள்ளைகள் என்று இழுத்தார். அவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

மாலதி டீச்சர் வாசல் வரை வந்தார். பஸ் எங்கே நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, ஏழாம் வகுப்பில் பெட்டியை மேஜை மேல் வைத்தேன். நான் செய்ததைச் சொன்னேன். சாயங்காலம் இது வேறு பள்ளிக்குப் போகிறது என்றேன். முதல் பெஞ்சில் ஸ்ரீமதி எழுந்தாள்.

"டீச்சர், ஒரே ஒரு தரம் தெறந்து பாத்துட்டு குடுத்துடலாமா? தொட மாட்டோம்."

டேப்பைக் கிழியாமல் மெதுவாக உரித்தேன். ஐந்து ஐந்து பேராக வந்தார்கள். நான் சொல்லாமலே எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சு பட்டுவிடப் போகிறது என்பது போல உதட்டை மூடி, பெட்டிக்குள் குனிந்தார்கள்.