தூர தேசத்து வழக்கு

அறவியல் ஆசிரியைக்குப் பல்கலைக்கழகத்தில் சொந்தத் துறை கிடையாது. அவள் நடத்தும் 'உலக அறம்' எல்லாத் துறைக்கும் கட்டாயப் பாடம். இன்று சட்டம், நாளை மருத்துவம் என்று பம்பரமாய்ச் சுற்றுவாள்.

அந்த வாரம் எல்லா வகுப்பிலும் ஒரே வழக்கு. எங்கோ தூர தேசத்தில் ஒரு பேராசிரியர். ஆய்வுக்கூடத்து அமிலக் கழிவைத் தனியாகச் சேர்த்து அனுப்பச் சோம்பல்பட்டு, கைகழுவும் தொட்டியில் கொட்டச் சொன்னார். குழாய் அடைத்துக்கொண்டது. அதைப் பிரிக்க வந்த குழாய்க்காரரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமிலம் முகத்தில் தெறித்து அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. விசாரணையில் பேராசிரியர் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

தூர தேசமாவது மண்ணாவது! கொட்டச் சொன்னவர் அவள் கணவர், வேதியியல் துறைத் தலைவர். வழக்கை வகுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னதும் அந்த மனுஷன்தான். "நாட்ட மட்டும் மாத்திடு. பசங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றார். தினமும் அவள் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிடுவார்.

"சட்டம் என்ன சொல்லுது?"

"ஜெயில்ல போடணும்ங்கறாங்க."

மருத்துவமும் விடவில்லை, பொறியியலும் விடவில்லை. ஆள் பாதியாகிப் போனார். "உண்மையச் சொல்லித் தொலைச்சிடறேன்டி" என்று புலம்பினார். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

விசாரணைக்கு முந்தைய நாள் நிர்வாகவியல் வகுப்பு. "உள்ள என்ன இருக்குன்னு கேக்காம கைய வச்சது அவர் தப்புதான் மேடம்" என்றான் ஒருவன். வகுப்பே கைதட்டியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அறவியல் வகுப்பில் ஆசிரியர் தன் தீர்ப்பைச் சொல்வதில்லை, அதுதான் முறை.

வீட்டில் அதை அப்படியே ஒப்பித்தாள். பொய் சொல்லியிருக்கலாம், பாவி; தோன்றவில்லை. அவர் முகத்தில் உயிர் வந்தது.

"நீ என்ன சொன்ன?"

"நான் எதையும் சொல்லக்கூடாதே."

"வகுப்ப விடு. நான் கேக்கறேன், சொல்லு."

அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். ஒரு வார்த்தை போதும், கேட்டிருப்பார். ஆனால் சட்ட வகுப்பு சொன்ன ஜெயில் கண்முன்னே வந்து நின்றது. முறை வேறு, பயம் வேறு என்று அவளுக்குத் தெரியாமலா?

"உங்க இஷ்டம்" என்றாள்.

மறுநாள் விசாரணை அரை மணியில் முடிந்தது. அடுத்த சட்ட வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி விடாமல் கேட்டாள்.

"அந்த வழக்கு கடைசியில என்னாச்சு மேடம்?"

"அவரு வாயத் திறக்கல. குழாய்க்காரர் மேலதான் தப்புன்னு முடிச்சுட்டாங்க."

"அடப்பாவிங்களா! ஏன் மேடம், அந்தாளுக்கு எடுத்துச் சொல்ல வீட்டுல ஒருத்தர்கூடவா இல்ல?"