சுவர் இருந்த இடம்

ஆராய்ச்சி அம்மா பதினோரு வருஷம் உட்காரவே இல்லை. தனிக்கொட்டடியில் ஒரு கைதி நடந்தால் இங்கே இவர் கால்களும் நடக்கும். அவன் சுவரில் திரும்புகிற தூரத்தில், எதிரே சுவரே இல்லாவிட்டாலும், சட்டென்று திரும்பும். அவன் உட்காருகிற ஆளில்லை. அசந்து படுத்தால்தான் இவருக்கும் படுக்கை.

முதலில் இவர் சிறைவாசலில் பார்வையாளர்களைச் சோதிக்கும் காவலர். விடுதலையாகிப் போன முகங்களே திரும்பத் திரும்ப உள்ளே வர, ஏன் என்று மண்டை குடைந்தது. வேலைக்கு நடுவே படித்தார், கோர்ட்டில் தீர்ப்புகளை வகை பிரித்து அடுக்கினார், ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து கைதிகளைப் பேட்டி கண்டார். பேட்டி காண்பவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது அங்கே சட்டம். அந்தக் கைதியோ நடந்துகொண்டே முணுமுணுத்தான். பாதி காதில் விழவில்லை. இவர் எழுந்து கூடவே நடந்தார். அன்று ஒட்டிக்கொண்டதுதான் அவன் நடை.

"நான் உக்காந்துக்கிட்டே ஊரைச் சுத்துறேன், நீ வீட்டுக்குள்ளயே சுத்துற," என்பார் பஸ் ஓட்டுகிற கணவர். சோற்றை உருட்டிக் கையில் தருவார். வாங்கிக்கொண்டு திரும்புவார் அம்மா.

நிலையத்தின் தலைமைப் பதவி காலியானது. தனிக்கொட்டடிகளை மூடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதும் அதிகாரம் அந்தப் பதவிக்குத்தான் உண்டு. நேர்முகத்துக்குப் போனார். தேர்வுக்குழுத் தலைவருக்குக் காது மந்தம்.

"உக்காருங்கம்மா."

"முடியாதுங்கய்யா. அவன் இன்னும் உக்காரல."

"எவன்?"

"நம்ம கொட்டடியில இருக்கறவன்."

"சரி, இதுவரைக்கும் என்னென்ன வேலை பாத்தீங்க?"

அம்மா நடந்தபடியே சிறைவாசலில் தொடங்கிச் சொன்னார். தலைவருக்குப் பாதி கேட்கவில்லை. எழுந்து, காதோரம் கையைக் குவித்துக்கொண்டு, கூடவே நடந்தார். பேட்டி முடிந்தது, தலைவரின் கால்கள் நிற்கவில்லை.

"என்னம்மா இது?"

"பழகிடும்யா."

பழகுகிற பொறுமை அவருக்கு இல்லை. வேலை அன்றைக்கே அம்மாவுக்குக் கிடைத்தது. கொட்டடிகளை மூடச் சொல்லி அம்மா எழுதியதும், மேலிடத்தில் யாரையும் உட்காரவிடாமல் தலைவரே அலைந்து உத்தரவு வாங்கினார்.

கொட்டடிகள் திறந்த நாளில் அம்மாவின் கால்கள் சுவர் இருக்கும் தூரம்வரை வந்தன. தயங்கின. திரும்பவில்லை. வாசலைக் கடந்து தெருவில் இறங்கி நேரே போயின. எதிரே தலைவரும் நேரே வந்துகொண்டிருந்தார். சிறை மைதானத்து மரத்தடியில் அந்தக் கைதி ஒருவழியாக உட்கார்ந்தான் போல. இருவரும் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்தார்கள். கணவரின் பஸ் வந்தது. ஒரு ஹாரன் அடித்தார், யாரென்று பார்த்தார், பஸ்ஸை ஓரமாக ஒடித்து ஓட்டிக்கொண்டு போனார்.