நீலத் தண்டு

பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகளைச் சேர்ப்பது என் வியாதி. ஒரு எழுத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டின் நிறத்தைப் பார்த்து, ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், அந்த ஸ்விட்ச்சின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். கோட்டைக்குப்பத்தில் இந்தப் படிப்புக்குப் பெரிய மரியாதை கிடையாது.

ஏரியில் கையால் தடவி நண்டு பிடிக்கும் முனியம்மாள் அக்கா, மூடிப்போன ஐஸ் கம்பெனியில் கொடுத்ததென்று ஒரு கீபோர்டைக் கொண்டுவந்தார்.

“இத்த வித்தா எம் பொண்ணு பூவிழிக்குக் காலேஜுக்கு ஒரு போன் வாங்கலாமானு பாரு நைனா.”

மூடியைக் கழற்றினேன். நீலத் தண்டு. அமுக்கியதும் கணீரென்று சொடுக்கியது. பத்து வருடமாக நான் தேடிய சரக்கு.

“உள்ள வெறும் ரப்பர்தான்க்கா. காயலான் கடைக்காரன்கூட வாங்கமாட்டான்” என்றேன்.

“போவட்டும், நீயே வச்சுக்கோ. உன் வேலையக் கெடுத்துட்டேன்.”

கூடையிலிருந்து நண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் வயிற்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியவற்றைத் திரும்பக் கூடையில் போட்டார். கெட்டியான நான்கை மட்டும் என்னிடம் நீட்டினார்.

“அதெல்லாம் இன்னாக்கா?”

“தண்ணி நண்டு. உள்ள சதையே இருக்காது. உனக்குப் போய் அத்தக் குடுப்பனா?”

என் காது சுட்டது. அவர் படியிறங்குவதற்குள் உளறிவிட்டேன்.

“அக்கா, பொய் சொல்லிட்டேன். இது ரொம்ப நல்ல சரக்கு. போன் வாங்கலாம்.”

கீபோர்டைப் பிடுங்கிக்கொண்டார். “த்தூ! உன்னக் கேக்க வந்தேன் பாரு!”

நண்டுகளைத் திருப்பி நீட்டினேன்.

“குடுத்தது குடுத்ததுதான். துன்னு.”

குழம்பு பிரமாதமாக இருந்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.