முகத்தை மறைக்க ஒரு பேப்பர்

எச்.ஐ.வி. சோதனைக்கு ஜெர்மனியில் அவர் வசிக்கும் டுசல்டோர்ஃபிலேயே இடம் இருந்தும், தவநேசன் மூன்று ரயில் மாறிக் கார்ல்ஸ்ரூஹேக்குப் போனார். உலகத் தமிழர் அத்தனை பேரும் டுசல்டோர்ஃபில் அந்த வாசலில்தான் காவல் நிற்கிறார்கள் என்பது அவர் நினைப்பு. மனைவி பிரிந்த பிறகு செய்த ஒரு பிழை நெஞ்சை அரித்தது. உணவகத்தில் கூட வேலை செய்யும் கொலம்பியக்காரன் கமிலோ, "நான் வருசா வருசம் செய்யிறன். நோய் இருந்தாலும் மருந்திருக்கு, போ" என்று துரத்தாத நாளில்லை.

இரண்டு தரம் வாசலோடு திரும்பியவர் இன்று உள்ளே வந்துவிட்டார். பெயர் கேட்காமல் பதினேழு என்று ஓர் இலக்கம் கொடுத்தார்கள். வெட்கத்தில் காதில் தோசை சுடலாம் போலிருந்தது. பையிலிருந்த பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணை, தமிழ்ப் பேப்பரோ?"

அவருடைய உயிர் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் தலை நிமிராமலே சொன்னாள்: "உள்ள போகேக்க எனக்குத் தாங்கோ. நானும் முகத்தை மறைக்கோணும்."

"பதினேழு!" என்று தாதி கூப்பிட்டார்.

தவநேசன் ஓடத்தான் எழுந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் கால் வாசலுக்கு நகரவில்லை. பேப்பரை அவள் மடியில் வைத்தார்.

"நல்லா விரிச்சுப் பிடியுங்கோ, தங்கச்சி."

வெறும் முகத்தோடு அறைக்குள் போனார்.