பாதிப் பொருத்தம்

அந்த டயாலிசிஸ் நிலையத்தில் எல்லோரும் நர்ஸ் பிரமிளாவை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிலா என்று கூப்பிடுகிறவன் ஒருவன்தான், அவள் கணவன் ஜெயராஜ். அவன் வீட்டை விட்டு மகளோடு அவள் வெளியேறிப் பல வருடங்கள் ஆகியும், அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் முதுகு தானாக இறுகிக்கொள்ளும்.

"மிலா. இங்க வா, பேசணும்."

அவளுக்கு வலது காது மட்டுமே கேட்கும். இடது காதை ஜெயராஜ் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் அறைந்து முடித்துவிட்டிருந்தான். ஜுருவில் பழைய காடிகளை வாங்கி விற்ற கார்த் தரகன் அவன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டன. பட்டர்வொர்த்தில் எங்கும் இடமில்லை என்று, சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த இந்தச் சிறிய நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் வாசலில் அவனைப் பார்த்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, நான் ஏன் ஓட வேண்டும் என்று தோன்றியது. கூட வேலை பார்க்கும் ஹுஸ்னா, "அவர நான் பாத்துக்கிறேன்க்கா, நீங்க கிட்டயே போவாதீங்க" என்றாள். ஊசி ஏற்றுவதிலிருந்து கட்டுப் போடுவது வரை ஹுஸ்னாவே செய்தாள். அன்று காலை அவள் பின்னறையில் மருந்து கலக்கப் போயிருந்தாள்.

அவனுடைய இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வந்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் நின்ற வடிகட்டிக்குள் நுழைந்து, மற்றதன் வழியாகத் திரும்பிப் போனது. அந்த வடிகட்டிக்குள் நூலைவிட மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வது பிரமிளாவின் வேலை. "இந்தக் குழலோட சவ்வு வெறும் பிளாஸ்டிக்கு. உப்பு எந்தப் பக்கம் அதிகமா இருக்கோ, அங்கேருந்து கம்மியா உள்ள பக்கம் தானா போயிரும். நம்ம ஒடம்பு செல்லோட சவ்வு அப்படி இல்ல. ராப்பகலா வேல செய்யும். பொட்டாசியத்த உள்ள இழுக்கும், சோடியத்த வெளிய தள்ளும். அந்த வித்தியாசம் இருக்கறதாலதான் ஹார்ட்டு துடிக்குது. வெளிய பொட்டாசியம் கூடிப்போனா சிக்னல் போகாது, நின்னுரும். அதனாலதான் இளநி குடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்." இதை ஜெயராஜுக்கு அவள் சொன்னதில்லை. அவன் இளநீர் குடித்தானா இல்லையா என்று கேட்டதும் இல்லை.

கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. மற்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுபா ஏன் போன எடுக்க மாட்டேங்குறா?"

"அவளுக்கு வகுப்பு இருக்கு."

"பதினெட்டு முடிஞ்சிருச்சு அவளுக்கு. பெத்த புள்ள கிட்னி குடுக்கலாம்னு டோக்டரே சொல்லிட்டாரு. ரெண்டு இருக்குலா, ஒன்னுதான கேக்குறேன்."

"குடுக்க மாட்டா."

"அவ சொன்னாளா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

அவன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுடைய உடம்புக்குத் தெரியும். "அவ ஒடம்புல ஓடுறது என் ரத்தம், ஞாபகம் இருக்கட்டும்."

பிரமிளா குழாயைக் காட்டினாள். "ஒன் ரத்தம் இதுல ஓடுது. அவ ஒடம்புல ஓடுறது அவளோடது."

ஊசி குத்தாத வலது கை அவள் கழுத்தைப் பிடித்தது. முகத்தருகே இழுத்து, தலையை இயந்திரத்தின் விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். புருவத்துக்கு மேலே தோல் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அறையிலிருந்த யாராலும் எழுந்து வர முடியவில்லை. எல்லோரும் அவரவர் ரத்தத்தால் அவரவர் இயந்திரத்தோடு கட்டப்பட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியிலிருந்த அப்துல் ரசாக், நாணய மாற்றுக் கடை வைத்திருந்தவர், "தம்பி, விடுப்பா, பொம்பளய விடுப்பா" என்று கையை நீட்டினார். அவருடைய குழாய் விறைத்து, இயந்திரம் கத்தத் தொடங்கியது.

மூச்சு நின்றதும் அவள் உடம்பு முழுக்கச் சேதி பரவியது. அட்ரினலின் எந்தச் செல்லுக்குள்ளும் நுழைவதில்லை. சவ்வின் வெளியே நின்று தொடுவதோடு சரி. அந்தத் தொடுதலில் உள்ளே எல்லாம் விழித்துக்கொள்ளும். பல வருடங்கள் அவள் உடம்பு அந்தச் சேதியை வாங்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. இன்று அவள் முழங்காலைத் தூக்கி அவன் வயிற்றில் இடித்தாள். அவன் ஆத்திரத்தோடு எழுந்து இடது கையையும் அவள் கழுத்துக்குக் கொண்டுவந்தான். குழாய் இழுபட்டது. ஒட்டியிருந்த பிளாஸ்திரி கிழிந்து ஊசி கழன்று தெறித்தது.

தமனியும் சிரையும் சேர்த்துத் தைக்கப்பட்ட இடம் அது. ரத்தம் ஒழுகவில்லை, பீய்ச்சியது. சுவர், திரைச்சீலை, அவள் வாய் எல்லாவற்றிலும் அடித்தது. அவன் அது தெரியாமல் இன்னும் நெரித்துக்கொண்டிருந்தான். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பின்னால் சரிந்து நாற்காலியில் விழுந்தான். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடி பார்த்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பாய்ச்சல். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும். முதலில் ஒட்டிக்கொண்ட அணுவின் சவ்வில் சேதி ஏறும், அது உருமாறித் தன்னிடமுள்ளதை வெளியே கொட்டும், கொட்டியது அடுத்த அணுவை எழுப்பும், அப்படியே கூட்டம் சேர்ந்து ஓட்டையை அடைக்கும். சிறுநீரகம் செத்த உடம்பில் அந்த அழைப்பு சரியாகக் கேட்பதில்லை. போதாததற்கு, ரத்தம் உறையாமலிருக்கக் காலையிலேயே அவனுக்கு ஹெப்பாரின் ஏறியிருந்தது. இது தானாக நிற்காது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

உட்கார்ந்திருக்கத்தான் விரும்பினாள். அந்த விருப்பம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் முகம் மாவு பூசினாற்போல் வெளுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் சுபா நினைவுக்கு வந்தாள். இவன் இங்கே செத்தால், நான் கொடுக்காததால் செத்தார் என்று அந்தப் பெண் ஆயுசு முழுக்கச் சுமப்பாள். பிரமிளா தவழ்ந்து போய், அந்தத் துளையின் மேல் கட்டைவிரலை வைத்து முழு எடையையும் இறக்கினாள்.

"விடாத மிலா" என்றான் அவன்.

அவளுக்குக் குரல் வரவில்லை. வலிக்கட்டும் என்றே அழுத்தினாள். விரலுக்கடியில் அவன் ரத்தம் வண்டு போல் ரீங்கரித்தது. ஓடி வந்த ஹுஸ்னா பம்பை நிறுத்தி, குழாய்களை இடுக்கி போட்டு அடைத்தாள். "அக்கா, நான் புடிச்சுக்கிறேன், எடுங்க" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும், ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து பிரிக்கும்வரை அந்த விரல் வரவில்லை.

மருத்துவமனையில் அவள் புருவத்தைத் தைத்தார்கள். போலீஸ்காரப் பெண்ணொருத்தி கழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு, அவன் கண் விழித்ததும் கைது செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது மகள் சுபாஷினி வந்தாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துச் சீருடை. கையில் நூல் கட்டிய பையில் தே ஓ ஐஸ், பால் சேர்க்காத குளிர்ந்த தேநீர். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கழுத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நீதான் அமுக்கிப் புடிச்சியாம். ஹுஸ்னா ஆன்ட்டி சொன்னாங்க."

பிரமிளா தலையசைத்தாள்.

"நான் போன வாரமே டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டேன்மா."

பிரமிளா திரும்பினாள். திரும்பியபோது கழுத்து தீயாய் எரிந்தது.

"கிட்னி குடுக்கணும்னு இல்ல. பொருந்தாதுன்னு வரும்னு போனேன். எங்கிட்ட அவரோடது ஒன்னுமே இல்லன்னு யாராச்சும் சொல்லணும்னு இருந்துச்சு."

ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அடையாளங்கள் நிற்கும். இது நம்முடையது, இது அயலானது என்று உடம்பு பிரித்துப் பார்ப்பது அவற்றை வைத்துத்தான். பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. பெற்ற பிள்ளைக்குப் பாதி எப்போதும் பொருந்தும். பரீட்சைக்கு முன்னால் பிரமிளாவே அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"தெரியும்மா," என்றாள் சுபா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு. "புக்குலயே இருக்கு. தெரிஞ்சேதான் போனேன்."

"என்னா வந்துச்சு?" காற்று மட்டும்தான் வெளியே வந்தது.

"பாதி."

ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வளைந்து போனது. சுபா தே ஓ பையை அம்மாவின் கழுத்தில், விரல் தடங்கள் பதிந்திருந்த இடத்தில், மெல்ல வைத்து அழுத்தினாள். உள்ளே ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதின. பையின் வெளிப்புறத்தில் துளிர்த்த நீர் வழிந்து காலருக்குள் இறங்கியது. அங்கே காய்ந்துபோயிருந்த ரத்தம் கரைந்து, அம்மாவின் வெள்ளைச் சீருடையில் இளஞ்சிவப்பாய்ப் பரவியது. சுபா அதைத் துடைக்கவில்லை. பையைத் திருப்பி, இன்னும் குளிர்ச்சியாக இருந்த பக்கத்தை வைத்தாள்.