மண்ணுக்குப் போகும் கரி

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் கரியக்கா. நிறத்துக்காக வைத்த பெயரில்லை, தொழிலுக்காக வைத்தது. வீட்டுக்குப் பின்னால் தகர வேலிக்குள் வாய் அகன்று அடி குறுகிய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. அதுதான் அவள் உலை. மக்காச்சோளச் சக்கையை அடுக்கடுக்காகப் போட்டு எரிப்பாள். மேலே வெள்ளையாகச் சாம்பல் பூக்க ஆரம்பித்தால் உடனே அடுத்த அடுக்கு. கொஞ்சம் அசந்தால் எல்லாம் சாம்பல்தான். கடைசியில் தண்ணீர் கொட்டி அணைத்தால், சக்கை வடிவம் குலையாமல் கருகருவென்று கிடக்கும்.

அது அடுப்புக்கான கரி இல்லை. சாணிக் கரைசலில் ஊறவைத்து உழுதுவிட்டால், பாறையாய் இறுகிய நிலம்கூட இளகும், தண்ணீர் தங்கும். புகையாகிக் காற்றில் கலக்க வேண்டியது, தலைமுறை தலைமுறையாக மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அதற்காகத்தான் ஒரு நிறுவனம் உலையை இனாமாகக் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு உலை இறக்கும்போதும் ஒரு பிடி கரியைக் கையில் ஏந்தி, போன் முன்னால் நின்று, "இது மண்ணுக்குப் போற கரி. எரிக்க மாட்டோம்" என்று சொல்லி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முதலில் வெட்கத்தில் நெளிந்தவள், போகப் போக அதை மனசாரச் சொன்னாள். போனைப் பிடிப்பவன் தம்பி.

தாய் இல்லாத பிள்ளை என்று இடுப்பில் வைத்து வளர்த்தவன். மடிப்புக் கலையாத சட்டை இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டான். எரிப்பது அவள் வேலை, வண்டியில் ஏற்றிப் போய் தங்கள் நிலத்தில் ஊறவைத்து உழுவது அவன் வேலை. அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. எப்போதாவது வண்டியில் கூடப் போனாலும், "இறங்காதக்கா, கால் போயிடும்" என்பான். என்ன பாசம் என்று உருகிப் போய் உட்கார்ந்தே பார்ப்பாள்.

பார்த்த வரைக்கும் பயிர் சோகை பிடித்துத்தான் நின்றது. அறுவடையும் போச்சு.

"உன் கரி சரியில்லக்கா. எங்கயோ தப்புப் பண்ற" என்றான் தம்பி.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கரியை உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிப் பார்ப்பாள். பிசுபிசுப்பே இல்லாமல் வெறும் தண்ணீரில் போய்விடும். நன்றாக வெந்த கரி என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இருந்தாலும் கை சொன்னதை நம்பாமல் தம்பி சொன்னதை நம்பினாள், பைத்தியக்காரி. தீயை மாற்றிப் பார்த்தாள், புறங்கை பொசுங்கியது. கடைசியில் தம்பிக்குத் தெரியாமல், மாட்டுக்கொட்டகையிலிருந்து குடம் குடமாக மூத்திரம் வாங்கி வந்து, வீட்டிலேயே கரியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி மூட்டை கட்டினாள். முதலிலேயே சொன்னால் இன்னும் என்ன குறை சொல்வானோ என்று கூச்சம். பயிர் பச்சை பிடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவன் மூட்டைகளைப் பிரிக்காமலே ஏற்றிப் போனான்.

ஒரு நாள் மருந்து வாங்கப் போனவள், போகிற வழிதானே என்று இஸ்திரிக் கடையில் நுழைந்து தம்பியின் சட்டையைக் கேட்டாள். கடைக்குள் மூச்சு முட்டும் நாற்றம்.

இஸ்திரிக்காரர் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "வாங்கம்மா, உங்ககிட்டயே சொல்லிடறேன். உங்க தம்பி போடற கரி இத்தனை நாளா தங்கம். நின்னு எரியும், புகையே வராது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கரி பாத்ததில்ல. இப்ப என்னாச்சு? பெட்டியப் பத்த வெச்சா மாட்டு மூத்திரம் நாறுது. துணிக்காரங்க சண்டைக்கு வராங்க."

பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். தணலுக்கு நடுவே, இன்னும் பற்றாத ஒரு மக்காச்சோளச் சக்கை, வரிசை வரிசையான குழிகளோடு. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாதா? அவள் ஏங்கிக் கிடந்த பாராட்டு அந்த நாற்றத்துக்கு நடுவேதான் கிடைத்தது. சட்டையை வாங்கிக்கொண்டு, நேரே ஆட்டோ பிடித்து நிலத்துக்குப் போனாள். வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து போய், நாலைந்து இடத்தில் குச்சியால் கிளறினாள். எங்கும் அதே மஞ்சள் மண். மருந்துக்குக்கூட ஒரு கறுப்பு இல்லை. அங்கேயே உட்கார்ந்து வயிறெரிய அழுதாள்.

மறுநாள் உலை இறங்கியது. தம்பி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனோடு வந்தான்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இன்னைக்கு நீ சொல்லு, நான் எடுக்கறேன்" என்றாள்.

ஒரு சின்னத் தடுமாற்றம் போதும், மன்னித்துவிடலாம் என்று காத்திருந்தாள். அக்காக்களின் புத்தி அப்படி. அவன் தலையைக் கோதிக்கொண்டான். ஊறவைத்துக் கட்டிய மூட்டையிலிருந்து அவள் அள்ளிக் கொடுத்த ஒரு பிடி கரியை ஏந்திச் சிரித்தான்.

"இது மண்ணுக்குப் போற கரி. எரிக்க மாட்டோம்."

வாய் கூசவில்லை, நாக்கு குழறவில்லை. அவளைவிட நன்றாகவே சொன்னான்.

"நல்லா வந்துச்சாக்கா?"

"வந்துச்சு." கிட்டே போய், பள்ளிக்கூடம் அனுப்பிய காலத்தில் செய்தது போல அவன் காலரைச் சரி செய்தாள். "சட்டை ஏன்டா இப்படி நாறுது?"

"அத ஏன் கேக்கற? அந்த இஸ்திரிக்காரன் என்ன கரியப் போடறானோ..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். அவன் கையிலிருந்த கரியிலிருந்தும் அதே நாற்றம்தான் வந்துகொண்டிருந்தது.

"என் கரிடா" என்றாள் அவள். "வித்துத் தின்னியே, அதுகூடப் போகட்டும். என் கை சரியில்லன்னு சொன்னியே, எப்படிடா மனசு வந்துச்சு?"

அவள் கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஒரு மூட்டையை இழுத்துத் தோளில் ஏற்றினாள்.

"அக்கா, முழங்கால்..." என்றான் பழக்கதோஷத்தில்.

"அது என் முழங்கால்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தாள்.