ஐம்பத்தாறு டிகிரியில் சகலை

கண்ணாடியை விட்டுச் சகலை போகமாட்டேன் என்கிறார். அன்று காலை எங்களுக்கு இருந்த ஒரே தலைவலி இதுதான்.

சகலை இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கத் தலைகீழாக நின்றவர். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. "இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க" என்று என் மைத்துனி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதே ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்குப் பொறுப்பு.

சோதனை எளிது. கறுப்புக் கண்ணாடியில் விளக்கொளியைச் சாய்வாக விழவைக்க வேண்டும். ஐம்பத்தாறு டிகிரியில் பட்டுத் தெறிக்கிற ஒளி ஒரே திசையில் மட்டும் அதிரும். ஒரு திசை ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தகட்டைக் குறுக்கே பிடித்தால் மொத்தமும் அடங்கி, ஒளியை அளக்கும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வரும்.

வரவில்லை. பக்கத்து அறையில் தேர்வாளர் அம்மாள் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மீட்டரை நகர்த்திவிட்டு நானே தகடு வழியாகப் பார்த்தேன். விளக்கு, அலமாரி எதன் பிம்பமும் இல்லை. விளக்கருகே நின்ற சகலையின் பிம்பம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். போனார். கண்ணாடியில் இருந்தவர் போகவில்லை.

கூப்பிட்டுக் காட்டினேன். சகலை தகட்டில் கண்ணை வைத்தார்.

"என்ன சகலை இது, உரிச்சு வச்ச மாதிரி இருக்கான்!"

"உங்களைவிட லட்சணமா இருக்காரு. சட்டைகூடக் கசங்கல."

"கிண்டல் பண்ற நேரமா? அவன் நகர்ந்தாத்தான் எனக்கு வீடு!"

"அப்ப மரியாதையாக் கேளுங்க."

சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், கொஞ்சம் வெளிய போறீங்களா?"

கண்ணாடியில் இருந்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். தலையாட்டினார். ஓரமாக நடந்து மறைந்தார். ஆய்வுக்கூடத்துக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. கதவருகே யாரும் இல்லை. மீட்டரைப் பழைய இடத்தில் வைத்தேன். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

தேர்வாளர் வந்தார், முள்ளைப் பார்த்தார், தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகலைக்குக் கால் தரையில் பாவவில்லை.

மத்தியானம் இருவரும் அவர் வீட்டுக்குப் போய் மணியடித்தோம். மைத்துனி கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் லேசாகத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அத்தான்! சேதி தெரியுமா? இவரு பாஸாயிட்டாராம். அப்பவே வந்து சாப்பிட்டுப் படுத்திருக்காரு." என் தோளுக்குப் பக்கத்தில் தேடினாள். "தனியாவா வந்தீங்க? ரெண்டு பேர் நடந்து வர்ற மாதிரி கேட்டுச்சே."

சகலை என் தோளை உரசிக்கொண்டுதான் நின்றார். "அடியே, நான்தான்" என்றார். அது காதில் விழாதவளாக அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, சகலையா? உள்ள வரச் சொல்லு" என்று படுக்கையறையிலிருந்து சகலையின் அதே கரகரப்பான குரல் வந்தது.

தேர்வாளர் கையெழுத்திட்ட தாளைச் சகலை கதவிடுக்கில் நீட்டினார்.

"காத்துல என்னமோ பறந்து வருதே" என்று மைத்துனி அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றி, நான் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்தாள்.